எச்சரிக்கை: பெற்றோருக்கு 'விழுந்தால் அறிவிக்கும்' கருவி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள். ரூ. 38,500 கொடுத்து ஏமாந்தேன்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அம்மா தூங்குகிறார். முந்தாநாள்தான் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்தது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நிதானமாக எழுதும் நிலையில் நான் இல்லை. ஆனால் இன்றே எழுதியாக வேண்டும். அந்தக் கம்பெனியின் விளம்பரம் இன்று காலையும் என் போனில் வந்தது. சிரித்த முகத்தோடு ஒரு பாட்டி, பக்கத்தில் பச்சை டிக். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில் வேலை. கூட வந்து இருங்கள் என்று கேட்காத நாளில்லை. "இந்தக் கொல்லையையும் கிணத்தையும் விட்டுட்டு அந்த மூணாவது மாடியில நான் என்னடி பண்ணுவேன்" என்பார். போன ஐப்பசி மழையில் முற்றத்தில் ஒரு முறை வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. ஆனால் அதிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

முதலில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டன் வாங்கிக் கொடுத்தேன். குளிக்கும்போது கழற்றுவார், சாமி கும்பிடும்போது கழற்றுவார். பிறகு பூஜை அறை ஆணியிலேயே தொங்கியது. கைக்கடிகாரம் அரிக்கிறது என்றார். கேமரா வைக்கலாமா என்று கேட்டதற்கு, "குளிக்கிற எடத்துல கேமராவா? வெக்கமா இல்ல உனக்கு?" என்று இரண்டு நாள் பேசவில்லை. நியாயம்தானே. அதனால்தான் உடம்பில் எதையும் மாட்ட வேண்டாம், கேமராவும் கிடையாது, சுவரில் ஒரு சின்ன ரேடார் பெட்டி மட்டும், விழுந்தால் அதுவே கண்டுபிடித்து உங்களுக்கு போன் போடும் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மனசு அப்படியே சாய்ந்துவிட்டது.

பெயர் சொல்லவில்லை. முதியோர் பாதுகாப்புக் கருவிகளை இணையத்தில் விற்று, வீட்டுக்கே ஆள் அனுப்பி மாட்டித் தரும் கம்பெனி. அவ்வளவு போதும்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "அம்மா, நல்லா இருக்கீங்களா" என்று உள்ளே வந்தான். நானும் அன்று ஊரில் இருந்தேன். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கை மனப்பாடமாகச் சொன்னான்: உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அதில் பெரும் பங்கு அறுபது தாண்டியவர்கள் என்று. அந்தக் கணக்கு உண்மைதான், பிறகு பார்த்தேன். பிறகு தன் பாட்டி பாத்ரூமில் விழுந்து ராத்திரி முழுக்கக் கிடந்து போய்விட்டதாகச் சொன்னான். சொல்லும்போது கண் கலங்கினான். அம்மா எழுந்து போய் அவனுக்கு டிகிரி காப்பி போட்டுக்கொண்டு வந்தார், பொங்கலுக்குச் சுட்ட முறுக்கையும் வைத்தார்.

பிறகு செய்து காட்டினான். கூடத்துச் சுவரில் பெட்டியை மாட்டி, என் போனில் செயலியை ஏற்றி, ஒரு பாயை விரித்து, "அக்கா, இப்ப நான்தான் உங்க அம்மா" என்று சொல்லித் தடாலென்று விழுந்தான். ஐந்து விநாடிகூட ஆகவில்லை, என் போன் அலறியது. திரையில் சிவப்பு எழுத்தில் 'கூடத்தில் விழுந்துள்ளார்'. அம்மா கைதட்டினார். நான் அப்போதே பணத்தை அனுப்பிவிட்டேன்.

மூன்று பெட்டி, ஒன்று 9,500 வீதம் 28,500. மாட்டுக்கூலி 2,500. ஒரு வருஷக் கண்காணிப்புச் சந்தா 7,500. ஆக மொத்தம் 38,500 ரூபாய். என் சம்பளத்தில் அது சின்னப் பணம் இல்லை.

அந்தப் பணத்தை விடுங்கள். அன்று நான் செய்த இன்னொரு காரியம்தான் இப்போது நெஞ்சை அடைக்கிறது. எதிர்வீட்டு அக்கா தினமும் காலை ஆறரைக்குக் கோலம் போட வரும்போது, "பெரியம்மா, எழுந்தாச்சா" என்று ஒரு குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் உள்ளே வந்து பார்ப்பார். அப்பா போனதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. அன்று ஊரிலிருந்து கிளம்பும்போது அவரிடம் போய், "இனிமே நீங்க தினம் சிரமப்பட வேணாம்க்கா, மிஷின் பாத்துக்கும்" என்று நானே சொன்னேன். ஆறு மணிக்கு நான் போடும் போனும் நின்றது. எதற்கு அம்மாவை எழுப்ப வேண்டும், செயலியில் பச்சை டிக் இருக்கிறதே என்று.

போன புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு அம்மா குளியலறையில் விழுந்தார்.

பத்தரை மணிக்குப் பாத்திரம் தேய்க்க வரும் பெண் கதவைத் தட்டியிருக்கிறார். திண்ணையில் பால் பாக்கெட்டும் பேப்பரும் அப்படியே கிடக்க, சந்தேகப்பட்டுக் கொல்லை வழியாகப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐந்தரை மணி நேரம். ஈரத்தரையில், இடது பக்கமாக, எழ முடியாமல். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கையெட்டும் தூரத்தில் சுவரில் அந்தப் பெட்டி.

அதே நேரம், ஏழரை மணிக்கு, நான் மின்சார ரயிலில் நின்றுகொண்டு செயலியைத் திறந்து பார்த்தேன். 'அம்மா நலமாக இருக்கிறார்' என்று பச்சை டிக். ஒன்பதரைக்கு ஆபீஸில் மறுபடி பார்த்தேன். பச்சை டிக்.

டாக்டர் சொன்னார்: எலும்பு முறிவைச் சரி செய்துவிடலாம், அசையாமல் அத்தனை நேரம் கிடந்ததுதான் கவலை. உடம்பின் எடையிலேயே தசை நசுங்கிச் சிதைந்து, அதிலிருந்து கசிகிற பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமாம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி, ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகுதான் ஆபரேஷனுக்கே எடுத்துப் போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே ஆபத்து கூடிக்கொண்டே போகும் என்றார். எதைத் தடுக்க நான் 38,500 கொடுத்தேனோ, அதேதான் நடந்திருக்கிறது.

அம்மாவுக்குத் துணி எடுக்க வியாழக்கிழமை வீட்டுக்குப் போனபோது, எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் சித்தப்பா மகனையும் கூட்டிப் போனேன். அவன் குளியலறைப் பெட்டியைத் தூரத்தில் பார்த்ததுமே, "அக்கா, இது ரேடார் இல்லக்கா" என்றான். முகப்பில் தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்ட வெள்ளைக் குமிழ் இருந்தது. கழற்றித் திறந்தான். உள்ளே இருந்தது ஆள் வந்தால் தானாக விளக்கு எரிய வைக்கிற சாதாரண அசைவு சென்சார். கூட ஒரு வைஃபை சில்லு. சென்சார் பலகை கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான்.

எனக்கு அவன் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். உண்மையான ரேடார் கருவி அறைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்து ஆள் எங்கே இருக்கிறார், எந்த உயரத்திலிருந்து எவ்வளவு வேகமாகத் தரைக்கு இறங்கினார் என்று கணக்குப் போடும். அசையாமல் கிடந்தாலும் மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட உணரும். இருட்டிலும் வேலை செய்யும். ஆனால் எங்களுக்கு மாட்டியது உடம்புச் சூடு நகர்வதை மட்டும் பார்ப்பது. ஆள் அசையாவிட்டால் அதற்கு ஆளே இல்லை. சித்திரை வெயிலில் அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கினால் அசைகிற ஆளைக்கூடச் சரியாகப் பிடிக்காது. விழுவதற்கும் உட்காருவதற்கும் அதற்கு வித்தியாசமே தெரியாது. அம்மா அசையாமல் கிடந்ததால், தூங்குகிறார் என்று எடுத்துக்கொண்டு பச்சை டிக் போட்டிருக்கிறது.

அப்படியானால் அன்று என் போன் எப்படி அலறியது? செயலியின் அமைப்புகளுக்குள் நாலைந்து படி உள்ளே போனால் 'சோதனை அழைப்பு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் அதே அலறல், அதே சிவப்பு எழுத்து. அந்தப் பையனும் தன் போனில் எங்கள் கணக்கைத் திறந்து வைத்திருந்தான், 'செட்டிங் பண்ண' என்று சொல்லி. பாயில் விழும்போது அவன் வலது கை சட்டைப் பையில் இருந்தது. விழுகிறவன் கையை ஊன்றத்தானே பார்ப்பான்? அன்று அது எனக்குத் தோன்றவில்லையே. அம்மா ஆற்றிக் கொடுத்த காப்பியை வாங்கிய கை அது.

கம்பெனிக்கு போன் போட்டேன். வாங்கும் முன் முதல் மணியிலேயே எடுத்த நம்பர், இப்போது பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம் கழித்து ஒரு பெண்: "உங்க கம்ப்ளெயிண்ட்டை நோட் பண்ணிக்கிட்டோம் மேடம், 48 மணி நேரத்துல கால் பண்ணுவாங்க." பண்ணவில்லை. நானே மறுபடி பேசினேன். "உங்க வைஃபை வீக்கா இருந்திருக்கும் மேடம்." வீட்டில் மோடம் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, செயலியில் ஒரு நிமிஷம்கூடத் தொடர்பு அறுந்ததாகப் பதிவில்லை என்றேன். வேறு ஆளிடம் மாற்றினார்கள். அவர் சொன்னார்: "அம்மா மெதுவா சரிஞ்சிருப்பாங்க மேடம், அது ஃபால் கணக்குல வராது."

என் அம்மா இடுப்பு உடைந்து கிடந்தது விழுந்த கணக்கில் வராதாம். போனை வைத்துவிட்டு வராந்தாவிலேயே அழுதேன்.

மெதுவாகச் சரிவதைக் கண்டுபிடிப்பது நல்ல ரேடாருக்கே கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் மாட்டியது ரேடாரே இல்லை. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. பெட்டியைத் திறந்ததால் வாரண்டி போய்விட்டதாம். 'இது மருத்துவக் கருவி அல்ல, அவசர உதவிக்கு இதை மட்டும் நம்பக் கூடாது' என்று நிபந்தனைகளில் இருக்கிறதாம். மாட்ட வந்தவன் அதைச் சொன்னானா? வாட்ஸப்பில் அவனுக்கு எழுதினேன். ஒரு டிக்தான் விழுந்தது, அவன் போட்டோவும் மறைந்துவிட்டது. கடைசியாக நேற்று ஒரு மின்னஞ்சல்: மீதி மாதச் சந்தாவுக்கு ஈடாக அடுத்து வாங்கும்போது கழித்துக்கொள்ளக் கூப்பன் தருகிறார்களாம். 38,500 ரூபாய்க்குக் கூப்பன்.

பில்லை எடுத்துப் பார்த்தால் 'ஹோம் சேஃப்டி கிட் - 3' என்று மட்டும் இருக்கிறது. ரேடார் என்ற சொல்லே இல்லை, மாடல் எண்ணும் இல்லை. ஆனால் வாங்கும் முன் அவன் வாட்ஸப்பில் அனுப்பிய விளம்பரத்தாளில் '60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நல்லவேளை அழிக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை எல்லாம் விவரமாக எழுத நினைத்தேன். நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

செய்து காட்டுகிறவனின் போனை வாங்கி வேறு அறையில் வைத்துவிட்டு, உங்கள் வீட்டு ஆள் ஒருவரை மெத்தையில் விழச் சொல்லுங்கள். விழுந்த பிறகு பத்து நிமிஷம் அசையாமல் கிடக்கச் சொல்லுங்கள், செயலி என்ன சொல்கிறது என்று பாருங்கள். சீலிங் ஃபேன் ஓடும்போதும் செய்து பாருங்கள், ஃபேனும் ஆடுகிற திரையும் உண்மையான ரேடாரையே குழப்பும். முகப்பில் கட்டம் போட்ட குமிழ் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். பில்லில் கருவியின் வகையும் மாடல் எண்ணும் எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். செங்கல் சுவரைத் தாண்டிப் பார்க்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள், அறைக்கு ஒன்று வேண்டும்.

எது வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். காலையில் போடும் போனை நிறுத்திவிடாதீர்கள்.

எதிர்வீட்டு அக்கா நேற்று பஸ் பிடித்து மருத்துவமனைக்கு வந்தார். அம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே, "நீ சொன்னேன்னு நான் கேட்டிருக்கக் கூடாது பாப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிசியோதெரபி டாக்டர் வந்துவிட்டார், அம்மாவை இன்று முதல் தடவையாக நிற்க வைக்கிறார்களாம். கம்பெனியிலிருந்து பணம் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இந்த நிமிஷம் வரை 38,500இல் ஒரு பைசா திரும்பி வரவில்லை.