1,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 5.1 என்று தலையில் கட்டியது வெறும் ஸ்டீரியோ

ஐடி வேலையை விட்டுவிட்டுப் படமெடுக்க வந்திருப்பவர்கள், போஸ்ட் புரொடக்‌ஷனுக்குப் (ஷூட்டிங்குக்கு அப்புறம் வரும் வேலைகளுக்கு) பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். என் 1,40,000 போயே போச்சு. நேற்றுதான் உறுதியானது.

ஓஎம்ஆரில் டீம் லீடாக இருந்தவன். நானே நடித்து இயக்கிய முக்கால் மணி நேரப் படம். பிஎஃப் பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு வடபழனிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குப் போனேன். டிஐ (கலர் சரிசெய்வது), 5.1 மிக்ஸிங் (ஒலியை ஆறு தனிச் சேனலாகப் பிரித்து அமைப்பது), டிசிபி (தியேட்டரில் ஓட்டும் ஃபைல்) மூன்றும் சேர்த்துப் பேக்கேஜ் 1,40,000. பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன்.

போனதும் ஓனர் பணப்பேச்சே எடுக்கவில்லை. அம்மா கதவைச் சாத்தும் ஷாட்டை மானிட்டரில் போட்டு, நிழலை மட்டும் லேசாகத் தூக்கினார். இருட்டுக்குள்ளிருந்து அந்த முகம் வந்தது. "நானும் பேங்க் வேலையை விட்டுட்டு வந்தவன்தான் தம்பி" என்றார். டீ வந்தது. ஹார்டு டிஸ்க் மேல் படத்தின் பெயரை மார்க்கரில் அவரே எழுதினார். பாதி அட்வான்ஸ் போதுமா என்றேன். "முழுசா போட்டுட்டா ஸ்லாட்டை இன்னிக்கே பிளாக் பண்ணிடலாம்." அங்கேயே பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தேன். முழு 1,40,000.

அப்புறம் ஆரம்பித்தது. ரெண்டர் ஓடுது. கலரிஸ்ட் ஊருக்குப் போயிருக்கார். பெரிய படம் ஒண்ணு உள்ள வந்திருக்கு, அதுக்கப்புறம் நீங்கதான். கடைசியில் ப்ளூ டிக் மட்டும்.

ஒருவழியாக டிசிபி வந்து தியேட்டரில் போட்டுப் பார்த்தால், எதிரே பேசுகிறவன் குரல் முதுகுக்குப் பின்னாலும் கேட்கிறது. கேட்டதற்கு, "தியேட்டர் ஸ்பீக்கர் சரியில்லை தம்பி." சவுண்ட் இன்ஜினியர் நண்பன் ஃபைலைத் திறந்தான். முக்கியமாக வசனம் இருக்க வேண்டிய சென்டரிலும், பக்கத்திலும் பின்னாலும் கேட்கும் சரவுண்டிலும் அதே இடது-வலது ஸ்டீரியோ. காப்பி, பேஸ்ட். இதற்கா 1,40,000?

விவரமாக டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ஃபுட்டேஜ் இன்னொரு காப்பி வீட்டில் இருக்கட்டும். 5.1 என்றால் ஆறு சேனலையும் தனித்தனி வேவ் (ஒலி) ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள். தியேட்டரில் டிசிபி ஓட்டிப் பார்த்தபின்தான் கடைசித் தவணை. ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், எனக்கு இன்னும் தரவில்லை.

நாளை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. தவணையில் காசு வாங்கிக்கொள்ளும் மிக்ஸிங் இன்ஜினியர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.