பிறப்பா, இறப்பா, அடக்கமா: முன்னோரைத் தேட எந்தப் பதிவு முதலில்?

மூன்றையும் வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லை. கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் முதலில் வாங்க முடியும் என்றால்? இங்கிலாந்துப் பதிவுகளில் தேடிப் பார்த்த பிறகு நான் அடக்கப் பதிவேட்டின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

பிறப்புச் சான்றிதழில் தாய் தந்தை பெயர் இருக்கும், தெரிந்ததுதான். ஆனால் அங்கே அரசுப் பதிவு தொடங்கியது 1837-ல். பதியாவிட்டால் அபராதம் என்ற கண்டிப்பு 1875-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் விடுபட்ட குழந்தைகள் நிறைய.

இறப்புச் சான்றிதழில் வயது, தொழில், காரணம், தகவல் தந்தவர் பெயர் எல்லாம் உண்டு. ஆனால் வயது, தகவல் தந்தவர் சொன்ன கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் ஐந்தாறு வருடம் முன்பின் இருக்கலாம். பிறந்த ஊரைச் சேர்த்ததே 1969-ல்தான். ஸ்காட்லாந்து வேறு கதை: 1855 முதலே இறப்புப் பதிவில் பெற்றோர் இருவர் பெயரும் கேட்டார்கள். அங்கே தேடுபவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம், அதையே வாங்கலாம்.

சரி, அடக்கப் பதிவேட்டில் அப்படி என்ன? தேவாலயப் பதிவேட்டைச் சொல்லவில்லை. 1813-க்குப் பிந்தைய அச்சுப் படிவத்தில் பெயர், வசிப்பிடம், தேதி, வயது, சடங்கு நடத்தியவர், அவ்வளவுதான். நான் சொல்வது பொதுக் கல்லறைத் தோட்டங்களின் குழிவாரிப் பதிவேடு. ஒரே குழியில் யார் யார், எந்த வருடம் என்று வரிசையாக இருக்கும். இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து இறந்த குழந்தை அங்கே அகப்படும். கல்யாணமாகிப் பெயர் மாறிய மகள் புதுப் பெயரோடு வந்து நிற்பாள்; அப்புறம் அவள் திருமணப் பதிவைத் தேடிப் பிடிக்கலாம். குழியை விலைக்கு வாங்கியவர் பெயர் இன்னொரு நூல்முனை. கல்லறைக் கல்லே இல்லாவிட்டாலும் இத்தனையும் கிடைக்கும். அதனால் பெயரைச் சொல்லிக் கேட்டதோடு நிறுத்தாதீர்கள், குழி எண்ணைச் சொல்லி முழுப் பட்டியலையும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அது தனிக் குழியா, பொதுக் குழியா என்று முதலில் பாருங்கள். ஏழைகளைப் புதைத்த பொதுக் குழிகளில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள் கிடப்பார்கள். அவர்களை உறவாக்கினால் வம்சாவளியே தடம் மாறிவிடும்.

எரியூட்டப்பட்டவர்களைத் தேடிய அனுபவம் எனக்குக் குறைவு. இங்கிலாந்தின் வோக்கிங் என்ற ஊரில் 1885-ல் தொடங்கிய அந்தப் பழக்கம் பின்னாளில் பரவலாகிவிட்டது. குழியே இல்லாத அந்த இடத்தில் நானும் இறப்புச் சான்றிதழைத்தான் முதலில் வாங்குவேன்.