மால்டாவில் எங்கே தங்குவது: வல்லெட்டாவா, ஸ்லீமாவா?

மால்டா மத்தியதரைக் கடலில் இருக்கும் சின்னத் தீவு. பக்கத்துத் தீவுகளான கோசோ, கொமினோ எல்லாம் சேர்த்தே நாட்டின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். அதனால் எங்கே அறை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் சொல்வார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கார் எடுக்காமல் பஸ்ஸிலும் படகிலும் சுற்றப் போகிறவர்களுக்கு, தங்கும் ஊரைப் பொறுத்துத்தான் ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம் என்பது அமையும். நாங்கள் தலைநகர் வல்லெட்டாவில் தங்கினோம். மறுபடி போனாலும் அங்கேதான் தங்குவேன். எதிர்க்கரை ஊரான ஸ்லீமா பக்கமும் நியாயம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லீமாவில் ஓட்டல்கள் அதிகம், அதே காசுக்குக் கொஞ்சம் பெரிய அறை கிடைக்கும், பெரும்பாலும் லிஃப்ட் இருக்கும். கடலோரம் நெடுக அகலமான நடைபாதை. சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, துணிக்கடை எல்லாம் பக்கத்திலேயே. மணல் கிடையாது, பாறைக் கரைதான். ஆனாலும் அந்தப் பாறையிலிருந்து நேரே கடலில் இறங்கிக் குளிக்கலாம். கொமினோ தீவுக்குப் போகும் உல்லாசப் படகுகள் பலவும் ஸ்லீமாவின் படகுத்துறையிலிருந்தே கிளம்புகின்றன. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: வல்லெட்டாவின் முழு அழகும் தெரிவது வல்லெட்டாவுக்குள் இருந்து அல்ல. எதிர்க்கரையில் ஸ்லீமாவில் நின்று பார்த்தால்தான் கார்மல் மாதா கோயிலின் பெரிய குவிமாடமும், பக்கத்தில் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் கூர்கோபுரமும், கீழே கோட்டைச் சுவரும் ஒரே பார்வையில் அகப்படும்.

சரி, பஸ் விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவு முழுக்க இதை வைத்துத்தான்.

தீவின் பெரும்பாலான பஸ் வழித்தடங்கள் வல்லெட்டாவில்தான் தொடங்கி வல்லெட்டாவில்தான் முடிகின்றன. நகர வாசலுக்கு வெளியே மூன்று வெண்கல உருவங்கள் தட்டைத் தூக்கி நிற்கும் டிரைட்டன் நீரூற்று இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பஸ் நிலையம். ஏ, பி, சி என்று எழுத்தும் எண்ணும் போட்ட நிறுத்தங்கள், மேலே மின்பலகையில் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்ற விவரம். இங்கே ஏறினால் பஸ் காலியாக நிற்கும், உட்கார இடம் கிடைக்கும். இதே பஸ்ஸை நடுவழியில் ஒரு நிறுத்தத்தில் பிடிக்கப் பார்த்தால் கதை வேறு. கோடைக் கூட்டத்தில் பஸ் நிறைந்துவிட்டால் ஓட்டுநர் நிறுத்த மாட்டார். கை காட்டினாலும் நேரே போய்விடும். அடுத்த பஸ் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து வரும், அதுவும் நிறைந்திருக்கலாம். மால்டாவின் பல நிறுத்தங்களில் நிழலே இல்லை. குழந்தைகளையோ வயதானவர்களையோ வைத்துக்கொண்டு அந்த வெயிலில் நிற்பது லேசான காரியமில்லை.

ஸ்லீமாவிலிருந்து நேரடி பஸ்களே இல்லை என்று சொல்லவில்லை. பழைய தலைநகரான எம்டினா பக்கம் ரபாத்துக்கு 202 போகிறது. வடக்கே கோசோ படகுத்துறை இருக்கும் சிர்கெவ்வாவுக்கு 222 போகிறது. ஆனால் பார்க்க வேண்டிய பழைய இடங்களில் பாதிக்கு மேல் தீவின் தெற்கிலும் தென்கிழக்கிலும்தான் இருக்கின்றன: ஹாஜர் ஈம், இம்னாய்ட்ரா, டார்ஷியன் கற்கோயில்கள், ஹைப்போஜியம் என்ற நிலத்தடிச் சவக்கூடம், மீன்பிடி ஊரான மார்சாஷ்லொக், பெருந்துறைமுகத்தின் எதிர்க்கரையில் பிர்கு. இவற்றுக்கு ஸ்லீமாவிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் முதலில் வல்லெட்டாவுக்கு வந்துதான் பஸ் மாற வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று தினமும் இந்தக் கூடுதல் பயணம் சேரும். டிக்கெட் 2 மணி நேரம் செல்லும் என்பதால் பணம் பெரிதாகப் போகாது, நாங்கள் போனபோது கோடைக் கட்டணம் 2.50 யூரோதான். போவது நேரம்.

அந்த நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹைப்போஜியமே போதும். பாவ்லா என்ற ஊரில், சாதாரணக் குடியிருப்புத் தெருவுக்கு அடியில், பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த நிலத்தடிச் சவக்கூடம் அது. 1902-ல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி வெட்டும்போது தற்செயலாகத் தெரியவந்தது. மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் உள்ளே இருக்கும் செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் மணிக்கு 10 பேர், நாளைக்கு 80 பேர் என்ற அளவில்தான் விடுகிறார்கள். கோடைக்குப் பல வாரங்களுக்கு முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த இடம் போனதுதான். வல்லெட்டாவில் தங்கியதால் காலையில் நிதானமாக ஒரே பஸ்ஸில் ஏறிப் பாவ்லாவில் இறங்கினோம். நடுவில் ஒரு பஸ் மாற வேண்டியிருந்தால் அன்று காலை முழுக்க கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கிருந்து கிடைத்த உறங்கும் பெண் சிற்பம் இப்போது வல்லெட்டாவின் ரிபப்ளிக் தெருவில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹைப்போஜியம் பார்த்த அன்றே திரும்பி வந்து அதைப் பார்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். கையளவு சுடுமண் உருவம். பருத்த உடல் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்திருக்கிறது. படுக்கையின் நடுப்பகுதி அந்தப் பாரத்தில் தொய்ந்திருப்பதைக்கூடச் செய்தவர் விடவில்லை. காலையில் அந்த இருட்டறைகளைப் பார்த்துவிட்டு மதியம் இதன் முன்னால் நின்றபோது, ஐயாயிரம் ஆண்டு இடைவெளி சட்டென்று குறைந்துபோனது. வல்லெட்டாவில் தங்கினால் இப்படி ஒன்றைப் பார்த்த கையோடு இன்னொன்றைப் பார்ப்பது திட்டம் போடாமலேயே நடக்கும்.

நகருக்குள்ளேயே பார்க்க இரண்டு மூன்று நாள் வேலை இருக்கிறது. 1565-ல் ஒட்டோமான் படையின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த பிறகு, அடுத்த ஆண்டே, அப்போது மால்டாவை ஆண்ட புனித ஜான் வீரர் சங்கத்தின் தலைவர் லா வலெட் அடிக்கல் நாட்டிய ஊர் இது. அவர் பெயர்தான் ஊருக்கும். புனித ஜான் இணைப் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608-ல் வரைந்த திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியம் மட்டுமே ஒரு மணி நேரம் கேட்கும். ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், பாதிக்கு மேல் வெறும் இருள். யோவானின் கழுத்திலிருந்து ஓடும் ரத்தத்திலேயே ஓவியர் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு இருப்பதால் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. கூர் ஹீல்ஸ் செருப்புக்கும் தடை, கீழே இருக்கும் பளிங்குக் கல்லறைப் பலகைகள் கீறலாகிவிடும் என்று.

அப்புறம் மாலை நேரம். பெரிய கப்பல்களில் வரும் கூட்டம் கிளம்பிப் போனதும் தெருக்கள் ஓய்ந்துவிடும். மஞ்சள் கல் வீடுகளிலும் பச்சை, சிவப்பு மரக்கூண்டு பால்கனிகளிலும் சாயும் வெயிலை அப்போதுதான் நின்று பார்க்க முடியும். அப்பர் பராக்கா தோட்டத்தில் 12 மணிக்கும் 4 மணிக்கும் பீரங்கி வெடிக்கும்போது இருக்கும் நெருக்கடி மாலையில் இருக்காது. எதிரே புனித ஏஞ்சலோ கோட்டையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். அங்கிருந்து 58 மீட்டர் லிஃப்டில் இறங்கினால், எதிர்க்கரையில் பிர்குவும் அதன் பக்கத்து ஊர்களும் சேர்ந்த ‘மூன்று நகரங்கள்’ பகுதிக்குப் படகு. ஸ்லீமாவில் தங்குகிறவர்கள் இந்த நேரத்தில் ஸ்லீமாவுக்குத் திரும்பும் கடைசிப் படகைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும், குளிர்காலத்தில் அது சீக்கிரமே நின்றுவிடும்.

வல்லெட்டாவின் குறைகளும் உண்மையானவை. முதுகெலும்பு மாதிரி நடுவில் ரிபப்ளிக் தெரு உயர்ந்து, இரு பக்கமும் தெருக்கள் கடலை நோக்கிச் சரிகின்றன, பல தெருக்கள் முழுக்கப் படிகள்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது கஷ்டம், முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். பழைய வீடுகளை அறைகளாக்கிய இடங்களில் லிஃப்ட் இருக்காது. சில தெருக்களில் மதுக்கூடங்களின் பாட்டு நள்ளிரவு வரை கேட்கும். வாடகையும் கூடுதல். கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால், அல்லது பயணத்தில் பாதி நாள் ஓய்வுக்கு என்றால், யோசிக்காமல் ஸ்லீமாவுக்குப் போகலாம். கார் எடுப்பவர்களுக்கும் நான் சொன்ன பஸ் வாதம் பொருந்தாது. அங்கே நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் வல்லெட்டாவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

கோசோவில் தங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பகலில் போய்த் திரும்பியதுதான், இரவு தங்கியதில்லை. அதனால் அந்த ஊரின் இரவைப் பற்றி அழுத்திச் சொல்ல முடியாது. பார்த்த அளவில் அமைதியான, விவசாயம் மிச்சமிருக்கும் தீவு. ஜ்கன்டியா கற்கோயில்களும் விக்டோரியா ஊரின் கோட்டையும் ஒரு முழு நாளுக்குத் தகுதியானவை. புகழ்பெற்ற நீலச்சாளரப் பாறை வளைவு 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது, அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். வல்லெட்டாவிலிருந்தே கோசோவுக்கு விரைவுப் படகு இருக்கிறது, முக்கால் மணி நேரம்தான். சிர்கெவ்வா வரை பஸ்ஸில் போய்க் கப்பல் ஏறுவதை விட இது எவ்வளவோ மேல், ஆனால் காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள்.

வல்லெட்டா என்று முடிவு செய்தால் புனித எல்மோ கோட்டைப் பக்கத்து முனையை விட நகர வாசலுக்கு அருகே அறை பாருங்கள், பஸ் நிலையத்துக்கு நடை குறையும். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்னால், அறையும் விமானமும் பதிவு செய்வதற்கு முன்பே, ஹைப்போஜியத்தில் எந்தத் தேதிக்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.