திலேப்பியாவுக்கு எந்தத் தீவனம்: 32% புரதமா, அமினோ அமிலம் சேர்த்த 28% புரதமா?

முதல் வகையில் மீன்தூளும் சோயாப் புண்ணாக்கும்தான் எல்லாம் தருகின்றன. இரண்டாவதில் புரதத்தைக் குறைத்து, பற்றாமல் போகும் லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களை (புரதத்தின் கட்டுமானக் கூறுகளை) தனியாகச் சேர்க்கிறார்கள்.

எனக்கு இரண்டாவதில்தான் நாட்டம். மீன் வளர்வது அமினோ அமிலங்களால். பையில் அச்சிட்ட புரத எண்ணால் அல்ல. ஒன்று குறைந்தாலும் மற்றவை தசையாகாமல் எரிந்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே குளத்தில் கலக்கும். சோயாவில் குறைவது மெத்தியோனின். கடலைப் புண்ணாக்கில் லைசினும் குறைவு. புரதத்தில் சுமார் 16% நைட்ரஜன். அதனால் 32-லிருந்து 28-க்கு இறங்கினால், ஒரு டன் தீவனத்துக்கு ஏறக்குறைய 6 கிலோ நைட்ரஜன் குளத்துக்குள் போவது குறையும். மாலையில் பி.எச். (காரத்தன்மை) ஏறி, அம்மோனியா அதிக நஞ்சாகும் குளத்துக்கு இது பெரிய நிம்மதி.

சரி, சிக்கல் எங்கே? தனியாகச் சேர்த்த அமினோ அமிலம் தண்ணீரில் கரையும். குடலிலும் சீக்கிரமே உறிஞ்சப்பட்டு, ஒரு பகுதி வீணாக எரியலாம். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று நான்கு வேளை போட வேண்டும். ஒரே வேளை போடுபவர்கள் முதல் வகையிலேயே இருப்பது நல்லது. குஞ்சுகளுக்கும் 28% போதாது. இரைப்பையே இல்லாத ரோகு, கட்லாவில் இன்னும் கவனம் வேண்டும்.