பெடல் ஸ்டீலின் வயது: எண்ணை நம்புவதா, கவிழ்த்துப் பார்ப்பதா?

நாஷ்வில்லுக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் கழித்து ஒரு பழைய ஷோ-பட் பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கினேன். மேசை மாதிரி கால்களில் நிற்கும் கிட்டார் இது, பெடலை மிதித்தாலோ முழங்காலால் லீவரைத் தள்ளினாலோ தந்தியின் சுருதி ஏறும், இறங்கும். விற்றவர் 1968 என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு சீரியல் எண்ணைக் காட்டினார். இப்போது நான் அதை 1970-களின் தொடக்கத்தில் செய்யப்பட்டது என்று சொல்கிறேன். அந்த முடிவுக்கு வர மூன்று வழிகளில் தேடினேன்: சீரியல் எண், பாட் கோட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கீழுள்ள ‘பாட்’ என்ற பாகத்தில் அச்சான எண்), கிட்டாரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படிப்பது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

எங்கே செய்தது என்பதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சுலபம். பெயர்ப்பலகை போயிருந்தாலும் உடம்பு சொல்லிவிடும். ஃபிரெட் கோடுகளுக்கு நடுவே சீட்டுக்கட்டின் ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேட் இருந்தால் ஷோ-பட். ஷாட் ஜாக்சனும் பட்டி (Buddy) எமன்ஸும் டென்னசியில் தொடங்கிய கம்பெனி. பெடலிலிருந்து இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாகக் கேபிள் போனால் கலிஃபோர்னியாவின் ஃபெண்டர். 1957-இல் வந்த 1000, அதற்குப் பின் வந்த 400 எல்லாம் அப்படித்தான். பெடல்கள் ஒரே காலைச் சுற்றி விசிறி மாதிரி விரிந்திருந்தால் கலமசூவில் செய்த பழைய கிப்சன் எலக்ட்ராஹார்ப். சிக்கல் வயதில்தான்.

முதலில் சீரியல் எண். எல்லோரும் முதலில் தேடுவது இதைத்தான், நானும் அப்படித்தான் தேடினேன். எண் ஏறுவரிசையில் போனது, எந்த வருஷம் எந்த எண்ணில் தொடங்கியது என்ற பதிவும் கையில் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஷோ-பட் விஷயத்தில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு எண்ணை வைத்துக்கொண்டு ஒரே வருஷத்தைச் சொல்வார்கள். வட கரோலைனாவின் பர்லிங்டனில் செய்த எமன்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் கிட்டார்களில் எண் கொஞ்சம் உதவும் என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் என் கையில் அந்த வகையில் ஒன்றுதான் வந்து போயிருக்கிறது, அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

அடுத்தது பாட் கோட். வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் பாட்டின் முதுகில் எண் அச்சாகியிருக்கும். 1377212 என்று இருந்தால் முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு வருஷம், கடைசி இரண்டு வாரம். அதாவது 1972-இன் பன்னிரண்டாவது வாரம். பழைய பாட்டுகளில் வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான், 5 என்றால் 1945-ஆ 1955-ஆ என்று வேறு சாட்சியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த முறை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இதில் ஊகமே இல்லை. ஆனால் அது சொல்வது பாட்டின் பிறந்தநாளை மட்டும்தான். கிட்டார் அதற்கு முன்னால் முடிந்திருக்காது என்று தெரியும், எவ்வளவு பின்னால் என்று தெரியாது. ஃபெண்டர் 1966-இல் மொத்தமாக வாங்கிய பாட்டுகளை அதற்கப்புறமும் சில வருஷங்கள் போட்டுக்கொண்டே இருந்தது. நண்பர் ஒருவரின் ஃபெண்டர் 400-இல் பாட் 1966 என்கிறது, கிட்டாரை 1968 என்றாலும் மறுக்க முடியாது. பாட்டில் ஒயரைப் பற்றவைத்த ஈயம் புதிதாகப் பளபளத்தால் யாரோ பாட்டை மாற்றியிருக்கிறார்கள், கணக்கே விட்டுப்போகும். இதெல்லாம் பாட் இருந்தால்தானே! என்னுடையது உட்பட எத்தனையோ பெடல் ஸ்டீல்களில் கிட்டாருக்குள் பாட்டே கிடையாது, சத்தத்தைக் காலடியில் இருக்கும் வால்யூம் பெடல் பார்த்துக்கொள்ளும். அந்தப் பெடலின் பாட் தேய்ந்து தேய்ந்து மாற்றப்படுவது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் அடிப்பக்கம். பெட்டிக்குள் கவிழ்த்து வைத்து, கால்களைக் கழற்றி, நல்ல விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பெடலையும் முழங்கால் லீவரையும் சேஞ்சரோடு (தந்தியின் சுருதியை மாற்றும் பொறியோடு) சேர்க்கும் இந்த இணைப்புத்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியது. ஷோ-பட்டில் 1960-களின் ‘பெர்மனன்ட்’ வகையில் எந்தப் பெடல் எந்தத் தந்தியை ஏற்றும் என்பது செய்யும்போதே நிரந்தரமாக வைக்கப்பட்டது. அப்புறம் ‘ஃபிங்கர்டிப்’ வந்தது. 1970-களின் தொடக்கத்தில் குறுக்குத் தண்டுகளில் சட்டமும், அதற்குள் கம்பியைப் பிடிக்கும் சிறு உருளைகளும் வந்தன, இதை ரேக் அண்ட் பாரல் என்பார்கள். எழுபதுகளின் நடுவில் அந்த இடத்தில் இரண்டு துளை போட்ட சின்ன இழுப்பான்கள் வந்துவிட்டன. எமன்ஸின் புஷ்-புல்லோ தந்தியை ஏற்ற ஒரு பக்கம் இழுத்து, இறக்க மறுபக்கம் தள்ளும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

என் கிட்டாரில் நான்கு இணைப்புகள் ரேக் அண்ட் பாரல், ஒரு முழங்கால் லீவர் மட்டும் இரண்டு துளை வகை. இரண்டு தலைமுறை ஒரே உடம்பில். எது முதலிலேயே இருந்தது, எது பின்னால் வந்தது?

அதைச் சொன்னது மரத்தில் இருந்த திருகுத் துளைகள். வார்னிஷ் அடிக்கும் முன்பே போட்ட துளையின் விளிம்பில் வார்னிஷ் உள்ளே இறங்கி வழுவழுப்பாக இருக்கும். பின்னால் துளைத்ததில் விளிம்பு சிதறி, வெளிறிய மேப்பிள் தெரியும். ஒரு தாங்கியைக் கழற்றினால் அதன் அடியில் மரம் வெளிச்சமாகவும், சுற்றிலும் பழுப்பேறியும் இருந்தால் அது வெகுகாலமாக அங்கேயே இருந்திருக்கிறது. அடியிலும் அதே பழுப்பு என்றால் நேற்று வந்தது. என் கிட்டாரில் பாரல் தாங்கிகளின் கீழே வெளிச்சமான கட்டங்கள், இரண்டு துளை லீவரின் கீழே பழுப்பு. அதன் பக்கத்திலேயே எதுவும் மாட்டாத இரண்டு வெற்றுத் துளைகள், முன்பு ஏதோ இருந்து போனதன் தடம். ஆக, உடம்பு பாரல் காலம், லீவர் பிற்சேர்க்கை. வாங்கிய புதிதில் இதெல்லாம் தெரியாமல் இரண்டு துளை வகை உதிரிப் பாகங்களை வரவழைத்தேன். பாரல் சட்டத்தோடு அவை எப்படியும் சேரவில்லை, அந்தப் பணம் போனதுதான்.

பராமரிப்புக்காகவே நான் இந்த வழியைப் பிடித்துத் தொங்குகிறேன். 1971-ஆ 1972-ஆ என்பது வாசிக்கிறவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. எந்தத் தலைமுறைப் பொறி என்பது தெரியாவிட்டால் ஒரு திருகைக்கூட ஒழுங்காக வாங்க முடியாது. பிந்தைய ஷோ-பட்டுகளில் சில பாகங்கள் மலிவான வார்ப்பு உலோகம், விரிசல் விடும். முன்தலைமுறையில் அந்தக் கவலை குறைவு. சீரியல் எண் இதில் எதையும் சொல்வதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. முழுப் பொறியையும் கழற்றிப் புதிது போட்டு, துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே புது வார்னிஷ் அடித்துவிட்டால் துளையைப் படிக்க முடியாது. அப்படியொன்று கைக்கு வந்தால், உள்ளே பாட் இருக்கும் பட்சத்தில், அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் அதில் எனக்குப் பழக்கம் போதாது.

அடுத்த சனிக்கிழமை மேவரிக் ஒன்றைப் பார்க்கப் போகிறேன், ஷோ-பட்டின் மாணவர் மாடல். அடிப்பக்கப் படம் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன், விற்பவர் நான்கு அனுப்பினார். நான்கிலும் மரம் மேப்பிள், மேலே ஷீட் ஒட்டவில்லை. வலது மூலையில் மட்டும் ஒரு வெற்றுத் துளை இருக்கிறது.