டயல் கேஜ் இல்லாமல் வந்து பால் ஸ்க்ரூவை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் வெட்டும் மெஷின்) வைத்திருப்பவர்கள், சர்வீஸுக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு குட்டி ஸ்க்ரூ இறுகாத குறைக்கு நான் ஒரு பால் ஸ்க்ரூ செட்டையே (மோட்டார் சுற்றும்போது வெட்டும் பகுதியை நகர்த்தும் நீளத் திருகையும் அதன் நட்டையும்) மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

100 மி.மீ. வட்டம் வெட்டினால் எக்ஸ் திசையில் மட்டும் 0.3 மி.மீ. குறைந்தது. அச்சு திசை திரும்பும் இடங்களில் சின்னப் படி விழுந்தது. வந்த சர்வீஸ்காரர் கேன்ட்ரியை (வெட்டும் தலையைத் தாங்கி நகரும் பாலத்தை) கையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தது உண்மைதான். உடனே "ஸ்க்ரூவும் நட்டும் தேய்ந்துவிட்டன, ரெண்டையும் மாத்தணும்" என்றார். எதையும் அளக்கவில்லை. நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜே அவரிடம் இல்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

மாற்றிய பிறகு வட்டம் சரியாக வந்தது. சில வாரங்களில் அதே 0.3 திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை ஸ்பேனரையே தொடாமல் கண்ட்ரோலரில் பேக்லாஷ் காம்பன்சேஷன் (திசை திரும்பும்போது வரும் வெற்று ஆட்டத்துக்கான ஈடு) 0.3 என்று போட்டுவிட்டு, சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அந்த எண் மோட்டாரை அவ்வளவு தூரம் கூடுதலாகச் சுற்றவைக்கும், அவ்வளவுதான். இரும்பில் இருக்கிற இடைவெளி அப்படியே இருக்கும். லேசாக வெட்டும்போது அளவு சரியாகத் தெரியும். கெட்டியான மரத்தில் ஆழமாகப் போனால் வெட்டு விசை கேன்ட்ரியை அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் இழுக்கும். எனக்கு ஓரமெல்லாம் அலை அலையாக வந்தது, ஒரு பிட்டும் உடைந்தது.

அப்புறம்தான் 0.01 மி.மீ. டயல் கேஜ் ஒன்றை வாங்கி நானே உட்கார்ந்தேன். முதலில் காம்பன்சேஷனைப் பூஜ்யமாக்கினேன். கேஜை கேன்ட்ரியில் வைத்து ஒரு திசையில் 1 மி.மீ. நகர்த்தி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, எதிர்த் திசையில் 0.1, 0.1 ஆக நகர்த்தினேன். முதல் மூன்று நகர்த்தலுக்கு முள் அசையவே இல்லை. நட் ஹவுசிங்கில் வைத்தேன், அதே கதை. அப்படியென்றால் நட்டுக்கும் கேன்ட்ரிக்கும் நடுவில் உள்ள போல்ட்டுகள் சரி. மோட்டார் ஷாஃப்டுக்கும், அதை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்குக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டினேன், கோடு விலகவில்லை. கப்ளிங் வழுக்கினால் பிழை ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும். எனக்கு எப்போதும் ஒரே 0.3தான்.

கடைசியில் ஸ்க்ரூ முனையின் சென்டர் குழியில் கிரீஸ் தடவி ஒரு சின்ன ஸ்டீல் குண்டை ஒட்டினேன். கேஜ் முனையை அதன் மேல் வைத்து, மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்த நிலையில் கேன்ட்ரியைத் தள்ளினேன். ஸ்க்ரூவே நீளவாக்கில் 0.3 மி.மீ. உள்ளே போய் வெளியே வந்தது! நட் தேய்ந்திருந்தால் ஸ்க்ரூ அசையாது, கேன்ட்ரி மட்டும்தான் அசையும். குறை ஸ்க்ரூ முனையைத் தாங்கும் மோட்டார் பக்கத்து பேரிங் பிளாக்கில் இருந்தது. அங்கே ஸ்க்ரூ நீளவாக்கில் நகராமல் பிடிக்கும் லாக் நட் தளர்ந்திருந்தது. அதைப் பூட்டிவைக்கும் குட்டி கிரப் ஸ்க்ரூவை யாரும் இறுக்கவே இல்லை. புது ஸ்க்ரூ போட்டபோது அவர் லாக் நட்டை இறுக்கியிருக்கிறார், அதனால்தான் சில வாரம் தாங்கியது. முதலிலும் குறை இதுவாகவே இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, லாக் நட்டை இறுக்கி, கிரப் ஸ்க்ரூவில் நடுத்தர வலு த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு விட்டுப் பூட்டினேன். லாக் நட்டை அளவுக்கு மேல் இறுக்காதீர்கள், பேரிங் சூடேறும். ஸ்க்ரூவைக் கையால் சுற்றினால் பிசிறில்லாமல் சுற்ற வேண்டும். இப்போது ரீடிங் 0.02. காம்பன்சேஷன் பூஜ்யத்திலேயே இருக்கிறது.

கழற்றிய ஸ்க்ரூவையும் நட்டையும் அன்றே அவர் எடுத்துப்போய்விட்டார். திருப்பிக் கேட்டதற்கு "ஸ்க்ராப்பில் போட்டாச்சு" என்றார். அது நிஜமாகவே தேய்ந்திருந்ததா என்று பார்க்க இனி வழியில்லை. உங்கள் மெஷினில் எதைக் கழற்றினாலும், கழற்றிய பொருளை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கொடுங்கள்.