பத்து வருடம், பன்னிரண்டு கோடு: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மின்சாரக் கார்

காரை ஸ்டார்ட் செய்தால் ஒரு ஜப்பானியப் பெண்ணின் குரல் இன்றும் ஏதோ சொல்கிறது. வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து, சின்ன வயதில் மகள் தினமும் பதில் வணக்கம் போடுவாள். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகவில்லை என்பதுதான் விஷயம் என்று ஜப்பானில் படித்த நண்பர் ஒருவர் பின்னர் சொன்னார்.

2015 நடுப்பகுதியில் 27 லட்சத்துக்கு வாங்கிய ரீகண்டிஷன் கார் இது, ஜப்பானில் ஏற்கெனவே ஓடியது. 24 கிலோவாட்-மணி பற்றரி, 80 கிலோவாட் மோட்டர். சுற்றாடல் மீதுள்ள பாசத்தால் வாங்கினேன் என்று எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். பெற்றோல் அப்போது லீற்றர் 117 ரூபாய்தான், அதுவும் காரணமில்லை. மின்சாரக் காருக்கு இறக்குமதி வரி பேருக்குத்தான் இருந்தது. அதே காசுக்குப் பெற்றோல் காரென்றால் முழங்காலை மடக்கி உட்காரும் அளவில்தான் கிடைத்தது.

அந்த நவம்பரிலேயே வரவு செலவுத் திட்டத்தில் வரியைக் கூட்டிவிட்டார்கள். என்னைப் பார்த்து ஓடர் கொடுக்கக் காத்திருந்த மச்சானுக்கு இன்றுவரை என்மேல் ஒரு சின்னக் கோபம் உண்டு. இரண்டு வருடம் கழித்து, 2040-க்குள் பெற்றோல், டீசல் வாகனமே இல்லாத நாடு என்று பாராளுமன்றத்தில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வாசித்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஒரு காரின் ஆயுளுக்குள் இவ்வளவு கொள்கை!

சார்ஜ் பிரச்சினையை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். நாங்கள் இருப்பது நாலாம் மாடி. கார் நிற்பது கீழ்த்தளத்தில், அங்கிருந்த ஒரே பிளக் காவலாளி தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்கும் பிளக். முதல் மூன்று மாதம் அதில்தான் செருகினேன். பொதுக் கறண்ட் பில் வந்ததும் நிர்வாகக் கமிட்டிக் கூட்டம் கூடியது. "எங்கட காசில நீங்கள் ஓடுறீங்கள்" என்றார் மூன்றாம் மாடி அங்கிள். நியாயம்தான். கடைசியில் என் வீட்டு மீற்றரிலிருந்து குழாய் வழியாகக் கீழே தனி வயர் இழுத்தேன். எலெக்ட்ரீஷியனுக்கும் வயருக்கும் 68,000 ரூபாய். அனுமதிக் கடிதத்துக்கு எட்டு மாதம்.

பிறகு பார்த்தால் மாதப் பில் 180 அலகைத் தாண்டி மிக உயர்ந்த கட்டணத்துக்குப் போய்விட்டது. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவாகக் கறண்ட் தரும் நேரவாரிக் கட்டணம் ஒன்று உண்டு. எங்கள் ஃபிளாட்டின் ஒற்றை ஃபேஸ் இணைப்புக்கு அது பொருந்தவில்லை. சொந்தக் காணி, மூன்று ஃபேஸ் லைன், கூரையில் சோலார் உள்ளவருக்குத்தான் இந்தக் கார் உண்மையில் மலிவு. வெள்ளவத்தையில் அப்படி எத்தனை பேர்?

அப்புறம் பற்றரி. மீற்றர்ப் பலகையின் வலது ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு கோடு இருக்கும். அது சார்ஜைக் காட்டுவதில்லை, பற்றரியின் ஆயுளைக் காட்டுவது. இந்தப் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது, கொழும்பு வெக்கையை அப்படியே வாங்கிக்கொள்ளும். 2017-இல் முதல் கோடு போனது. மனைவிக்குச் சொல்லாமல் இரண்டு நாள் இருந்தேன். 2021-இல் எட்டுத்தான் மிச்சம். ஒரு கராஜில் "சரிசெய்து தாறம் அண்ணை" என்றார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு கோடும் பளிச்சென்று நின்றன! கணினியின் கணக்கை மட்டும் அழித்துவிட்டிருக்கிறார்கள் என்பது நாலாம் நாள், கொள்ளுப்பிட்டிச் சந்தியில், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க அடிக்கக் கார் ஆமை வேகத்துக்கு இறங்கியபோது தெரிந்தது. பிறகு இன்னொருவர் பற்றரியைக் கழற்றி, உள்ளே இருக்கும் 48 மொடியூல்களையும் (சின்னப் பற்றரித் துண்டுகள்) தனித்தனியே அளந்து, சோர்ந்த ஐந்தை எடுத்துவிட்டு விபத்தில் நொறுங்கிய ஒரு காரின் மொடியூல்களைப் போட்டுத் தந்தார். இன்றும் ஓடுவது அந்தக் கையால்தான்.

எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022-ஐப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். காலி வீதியில் பெற்றோல் வரிசை மூன்று சந்தி தாண்டி நின்றது, ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபாய். நான் பக்கத்தால் சத்தமில்லாமல் போவேன். வரிசையில் நிற்கும் தெரிந்த முகங்களைப் பார்க்கக் கூசும். ஆனால் மார்ச் 31-ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டில் என் காரும் அவர்களுடைய காரும் ஒன்றுதான். ஜெனரேட்டர் ஓடும்போது கார் செருகக்கூடாது என்று கமிட்டி உடனே நோட்டீஸ் ஒட்டியது. கறண்ட் வந்த நடுராத்திரிகளில் கீழே இறங்கிச் செருகினேன். அந்த மாதங்களில் மூன்றாம் மாடி அங்கிளை வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோனது இந்தக் கார்தான். என் பில் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

இப்போது புதிதாக ஒன்று எடுக்கலாமா என்று பார்த்தேன். 2025-இல் மோட்டரின் கிலோவாட்டை எண்ணி உற்பத்தி வரி போட்டிருக்கிறார்கள். 50 முதல் 100 கிலோவாட் வரை புதுக் காருக்குக் கிலோவாட்டுக்கு 24,100 ரூபாய். என் கார் அளவு மோட்டருக்கு 19 லட்சத்து 28 ஆயிரம், அதற்குமேல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். இதுவும் பெற்றோல் காரோடு ஒப்பிட்டால் சலுகைதானாம். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் கறண்ட் மிஞ்சுகிறது, கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. அந்த மிச்சக் கறண்டைக் குடிக்கக்கூடிய கார்கள் அலுவலகத் தரிப்பிடங்களில் பகல் முழுக்கச் சும்மா நிற்கின்றன. அங்கே ஒரு பிளக் வைக்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைய நிலவரம்: எட்டுக் கோடு, ஏசி போட்டால் 70 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் அம்மாவிடம் போவது என்றைக்கும் பஸ்ஸில்தான். அலுவலகம், மகளின் வகுப்பு, சந்தை எல்லாம் சேர்த்து நாளுக்கு 22 கிலோமீற்றர், அதற்குப் போதும். எஞ்சின் ஓயில் மாற்றும் செலவு இல்லை, பிரேக் பேட் ஒரே ஒரு தடவைதான் மாற்றினேன். வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போகுமுன் உங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்துக்குப் போய், அங்குள்ள பிளக் எந்த மீற்றரில் ஓடுகிறது என்று காவலாளியிடம் ஒருமுறை கேளுங்கள்.